வானத்தைக் கறுப்பாக்கிய கண்ணாடி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட இயற்கைக் காட்சிப் படங்களைச் சற்று நிதானமாகப் பார்த்து வருகிறவர்களுக்கு ஒரு விசித்திரம் புலப்படாமல் போகாது. மலைகளும் மரங்களும், ஆற்றுத் துறைகளும் அரண்மனைகளும், அவற்றின் கற்களை எண்ணிவிடலாம் என்னும்படி அத்தனை தெளிவாக அப்படங்களில் பதிந்திருக்கும். ஆனால் அவற்றுக்கு மேலே இருந்தே தீர வேண்டிய ஆகாயம் மட்டும், மேகத்தின் சுவடுகூட இல்லாமல், வெறும் வெள்ளைக் காகிதமாகவே கிடக்கும். அந்தக் காலத்து மனிதர்கள் மேகத்தையே கண்டதில்லை போலும் என்று சந்தேகிக்கத் தோன்றும். குற்றம் ஆகாயத்தினுடையதும் அன்று, படமெடுத்தவருடையதும் அன்று. காமிராவுக்குள் வைத்த தகட்டினுடையது.

புகைப்படத் தகட்டில் பூசப்படும் வெள்ளி உப்புகள் இயல்பாகவே நீலம், ஊதா, கண்ணுக்குப் புலனாகாத புற ஊதா ஆகிய கிரணங்களுக்கு மட்டுமே வசப்படுபவை; மஞ்சளும் பச்சையும் அவற்றை அதிகம் தொடுவதில்லை; சிவப்போ தொடுவதே இல்லை. ஆகவே நீல வானமும் அதில் மிதக்கும் வெண்மேகமும் தகட்டைக் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் தாக்கி, ஒன்றுக்கொன்று பேதமில்லாதபடி இரண்டும் வெளுத்துப்போயின. சிவப்புப் பட்டு உடுத்தி வந்த சீமாட்டியோ படத்தில் கறுப்பு உடுத்தியவளாகக் காட்சியளித்தாள். இந்தச் சங்கடத்தை யுக்தியால் தாண்டியவர்களும் உண்டு. பிரான்ஸ் தேசத்தில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1856-57-ஆம் ஆண்டுகளில் கடற்காட்சிகள் எடுத்தபோது, கடலுக்கு ஒரு தகடும் வானத்துக்கு வேறொரு தகடுமாக எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். இன்று கைப்பேசி ஒரு நொடியில் பல படங்களை எடுத்துக் கலந்து தரும் வித்தையை அவர் நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னமே கத்தரிக்கோலும் பொறுமையும் கொண்டு செய்திருக்கிறார் என்றால் அது மிகையாகாது.

தகட்டின் குருட்டுத்தனத்தை உள்ளிருந்தே நீக்கும் வழியைக் கண்டவர் பெர்லினில் ரசாயனப் பேராசிரியராக இருந்த ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல். தம்மிடம் வந்த சில தகடுகள் வழக்கத்துக்கு மாறாகப் பச்சை ஒளிக்கும் இணங்குவதைக் கண்டு, காரணத்தைத் துருவிச் சென்ற அவர், தகட்டில் கலந்திருந்த சாயமே அதற்குக் காரணம் என்பதை 1873-இல் வெளியிட்டார். சாயம் தான் விழுங்கிய ஒளியின் சக்தியை அருகிலுள்ள வெள்ளி உப்புக்குக் கைமாற்றிவிடுகிறது என்பதே அதன் ரகசியம். பச்சைவரை காணும் ஆர்த்தோகுரோமடிக் தகடுகள் இவ்வாறு பிறந்தன. சிவப்பையும் காணும் பான்குரோமடிக் தகடுகளை லண்டனுக்கு அடுத்த கிராய்டனில் ராட்டன் அண்டு வெயின்ரைட் கம்பெனியார் 1906-இல் கடைக்குக் கொண்டுவந்தனர். அதே வருஷம் அக்கம்பெனியில் சேர்ந்த கென்னத் மீஸ் என்னும் இளம் விஞ்ஞானி அத்தகடுகளுக்கு ஏற்ற வர்ண வடிகட்டிகளையும் கணக்குப் பார்த்துச் செய்தார். 1912-இல் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனி மீஸைத் தன்னிடம் வரவழைப்பதற்காகக் கிராய்டன் கம்பெனி முழுவதையுமே விலைக்கு வாங்கிக்கொண்டது; ஒரு மனிதரின் மூளைக்கு இத்தகைய விலை கிடைப்பது அபூர்வம். கம்பெனி போயிற்று, ஆயினும் ராட்டன் 8, ராட்டன் 25 என்று வடிகட்டிகளுக்கு எண்ணிட்டு வழங்கும் வழக்கம் மட்டும் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

எல்லா வர்ணங்களையும் காணும் தகடு வந்துவிட்ட பிறகு வடிகட்டி எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பான்குரோமடிக் தகடுங்கூட நம் கண்ணைப் போலக் காண்பதில்லை. நீலத்தின்மேல் அதற்குள்ள பழைய மோகம் முற்றும் தீர்ந்தபாடில்லை. லென்ஸுக்கு முன்னால் வெளிர் மஞ்சள் கண்ணாடி ஒன்றை மாட்டினால், அது ஊதாவையும் நீலத்தில் ஒரு பகுதியையும் விழுங்கிக்கொண்டு, வானத்தை ஏறக்குறைய நாம் காணும் அளவுக்கு இறக்கிவிடுகிறது. இரண்டாவது காரணம் இதைவிட நுட்பமானது. செம்பருத்திச் செடியை நம் கண் பார்க்கும்போது, பூவையும் இலையையும் வர்ண பேதத்தால் பிரித்தறிகிறது. கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கோ பிரகாச பேதம் ஒன்றே தெரியும். பூவின் சிவப்பும் இலையின் பச்சையும் ஒரே பிரகாசத்தில் இருந்துவிட்டால், இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிப் பூ இலைக்குள் மறைந்துபோகும். சிவப்புக் கண்ணாடி மாட்டினால் பூ வெளுத்து இலை கறுக்கும். பச்சைக் கண்ணாடி மாட்டினால் இலை வெளுத்துப் பூ கறுக்கும். வடிகட்டி தன் நிறத்தை வெளுக்கச் செய்யும், எதிர் நிறத்தைக் கறுக்கச் செய்யும் என்பதே இக்கலையின் முதற் சூத்திரம். எந்தச் சாம்பலை எந்தப் பொருளுக்குத் தருவது என்னும் அதிகாரம் அதனால் தகட்டிடமிருந்து மனிதன் கைக்கு வந்துசேர்கிறது.

வர்ணக் கண்ணாடி படத்துக்கு எதையோ சேர்த்துக் கொடுக்கிறது என்று நினைப்பவர்கள் பலர். உண்மை அதற்கு நேர்விரோதமானது. சிவப்புக் கண்ணாடி சிவப்பைத் தருவதில்லை. மற்றவற்றைத் தடுத்து, ஏற்கெனவே வந்துகொண்டிருந்த சிவப்பை மட்டும் உள்ளே விடுகிறது. எந்த வடிகட்டியும் கழிக்கும் தொழிலையே அறியும், கூட்டத் தெரியாது. கழித்தபின் மிஞ்சும் ஒளி குறைவாகையால், தகட்டுக்கு அதிக நேரம் ஒளி காட்டியாக வேண்டும். தரகர் தமக்குரிய கூலியை எடுத்துக்கொண்டுதான் சரக்கைக் கைமாற்றுவார் என்பது போல, ஒவ்வொரு வடிகட்டிக்கும் இன்னின்ன கூலி என்று ஒரு கணக்கு உண்டு: பகல் வெளிச்சத்தில் 8-ஆம் எண் மஞ்சளுக்கு 2 மடங்கு நேரம், 25-ஆம் எண் சிவப்புக்கு 8 மடங்கு, 29-ஆம் எண் கருஞ்சிவப்புக்கு 16 மடங்கு.

இந்தப் பதினாறு மடங்குக் கூலியைக் கொடுத்து வாங்கிய ஒரு படத்தின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் வடிகட்டி என்னும் சிறு கண்ணாடித் துண்டுக்குக் கலையில் என்ன ஸ்தானம் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 'ஹாப் டோம்' என்றொரு கருங்கல் மலை இருக்கிறது. உருண்டையான ஒரு மலையைக் கத்தியால் பாதியாக வெட்டி, ஒரு பாதியை எடுத்துவிட்டாற்போல ஒரு பக்கம் செங்குத்தாக நிற்கும். 1927-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி, இருபத்தைந்து வயது நிரம்பிய ஆன்ஸல் ஆடம்ஸ் என்னும் புகைப்படக்காரர், பின்னாளில் தமக்கு மனைவியாக வந்த வர்ஜீனியா பெஸ்ட் உள்ளிட்ட சில நண்பர்களுடன், கனத்த காமிராவையும் பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளையும் முதுகில் சுமந்து, பனி உறைந்த சரிவுகளில் ஏறி, அம்மலையின் முகத்துக்கு நேர் எதிரே துருத்திக்கொண்டிருக்கும் 'டைவிங் போர்டு' என்னும் பாறையை அடைந்தார். வழியிலேயே தகடுகளில் பெரும்பாலானவற்றைச் செலவிட்டுவிட்டதால் கடைசியில் மிஞ்சியவை இரண்டே.

காலையில் மலையின் முகம் நிழலில் கிடந்தது. பிற்பகல் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து பாறையின் மேல் ஊர்ந்து வரும்வரை அவர் காத்திருந்தார். பிறகு, வழக்கம் போல 8-ஆம் எண் மஞ்சள் வடிகட்டியை மாட்டி ஒரு தகட்டைச் செலவிட்டார். அந்தத் தகட்டை உறைக்குள் தள்ளிய அந்தக் கணத்திலேயே அவருக்கு ஓர் அதிருப்தி உண்டாயிற்று. மஞ்சள் வடிகட்டி கண் கண்டதைக் கண்டபடி தரும். பாறை வெளிறியும் வானம் நடுத்தரச் சாம்பலாகவும் விழும். ஆனால் அந்த உச்சியில் நின்ற அவருடைய மனத்தில் எழுந்திருந்த காட்சியோ வேறு: இருண்ட ஆகாயத்தின் எதிரே நிமிர்ந்து, அச்சமும் வியப்பும் ஒருங்கே ஊட்டும் ஒரு பெரும் பாறை. எஞ்சியிருந்த ஒரே தகட்டுக்கு 29-ஆம் எண் கருஞ்சிவப்பு வடிகட்டியை மாட்டி, துவாரத்தை எஃப்/22-க்குச் சுருக்கி, முழுதாக ஐந்து விநாடி திறந்துவைத்தார். அன்று மாலை தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, வானம் ஏறக்குறையக் கறுப்பாகவும், பாறையின் முகம் அதிலிருந்து எழுந்து வருவதாகவும், அடிவாரத்துப் பனி பளீரென்றும் இருந்தது. 'மோனோலித்' என்று பேர் பெற்ற அந்தப் படத்தையே, மனத்தில் கண்டதைத் தகட்டில் கொண்டுவந்த தம்முடைய முதற் சாதனையாக அவர் ஆயுள் முழுவதும் கருதினார்.

வானம் ஏன் அப்படிக் கறுத்தது? சூரிய ஒளி காற்றின் நுண்துகள்களில் பட்டுச் சிதறும்போது, அலைநீளம் குறையக் குறையச் சிதறல் மிக வேகமாக அதிகரிக்கிறது என்று ஆங்கில விஞ்ஞானி ராலே பிரபு நிரூபித்தார். அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அது மாறுவதால், 400 நானோமீட்டர் ஊதா, 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஒன்பது மடங்குக்கு மேல் சிதறுகிறது. நாம் ஆகாயம் என்று சொல்வது இவ்வாறு சிதறி வந்த ஒளியைத்தான். அதில் நீலம் மிகுதி, சிவப்பு சொற்பம். 29-ஆம் எண் வடிகட்டியோ சுமார் 600 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட எதையும் உள்ளே விடாது. ஆகாயத்தின் சொத்து முழுவதையும் வாசலிலேயே பறித்துக்கொண்டபின் அங்கே இருட்டைத் தவிர என்ன மிஞ்சும்? மேலும் ஏழாயிரத்தைந்நூறு அடி உயரத்தில் தூசியும் நீராவியும் குறைவாகையால், நீலத்தோடு வெண்மையைக் கலந்து கெடுக்கும் மூட்டமும் அங்கே இல்லை. நிழல்களும் அதே காரணத்தால்தான் ஆழ்ந்தன: வெயில் படாத இடங்களுக்கு வெளிச்சம் தருவது நீல வானமே ஆகையால், வானம் இருண்டால் அதன் தயவில் வாழும் நிழலும் இருண்டுதான் ஆக வேண்டும்.

இதிலிருந்தே ஒரு முக்கியமான எச்சரிக்கையும் கிடைக்கிறது. மூட்டம் போட்ட நாளில் சிவப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடி மேகங்களை எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். சாம்பல் மேகம் எல்லா வர்ணங்களையும் ஏறத்தாழச் சமமாகவே சிதறடிப்பது. அங்கே கழிப்பதற்கு நீலமே இல்லாதபோது சிவப்பு வடிகட்டி எதைக் கழிக்கும்? வெளிச்சத்தை மட்டும் குறைத்துவிட்டுச் சும்மா இருக்கும். மனித முகங்களின் விஷயத்திலும் நிதானம் வேண்டும். சிவப்புக் கண்ணாடியினூடே எடுத்த முகத்தில் உதடுகள் தோலோடு தோலாகக் கரைந்து, நோயாளியின் களை வந்துவிடும். முகப்பரு மறைவது ஒன்றுதான் லாபம். ஆண்களின் முகத்துக்கு இளம் மஞ்சள் கலந்த பச்சை வடிகட்டியைப் பயன்படுத்துவது பழைய ஸ்டூடியோக்காரர்களின் வழக்கம். அது நியாயமான வழக்கமே.

சிவப்பையும் கடந்து சென்றால் அகச்சிவப்பு உலகம் திறக்கிறது. அமெரிக்க பௌதிக நிபுணர் ராபர்ட் வுட் 1910-இல் வெளியிட்ட நிலக்காட்சிகளில், வானம் மசிக் கறுப்பாகவும், மரங்கள் பனி மூடியவை போல வெண்மையாகவும் இருந்ததைப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். இலையின் பசுமைக்குக் காரணமான பச்சையம் கண் காணும் சிவப்பையும் நீலத்தையும் விழுங்குகிறதே தவிர, அகச்சிவப்பைத் தீண்டுவதில்லை. இலையின் உட்கண்ணறைகளும் அவற்றுக்கிடையிலுள்ள காற்றறைகளும் அதைப் பல திசைகளிலும் திருப்பி வெளியே அனுப்பிவிடுகின்றன. நம் கண்ணுக்கு மட்டும் அகச்சிவப்பைக் காணும் சக்தி இருந்திருந்தால், புலவர்கள் காட்டைப் பாடும்போது வெண்மையையே பாடியிருப்பார்கள்.

இதுவரை சொன்னவை யாவும் வர்ணத்தைப் பார்த்துக் கழிக்கும் கண்ணாடிகள். ஒளிக்கு வர்ணத்தைத் தவிர வேறொரு குணமும் உண்டு. நம் கண்ணுக்கு அது அநேகமாகத் தெரிவதே இல்லை. ஒளியலையின் அதிர்வு சாதாரணமாக எல்லாப் பக்கங்களிலும் கலந்து நிகழும். சில சந்தர்ப்பங்களில் மட்டும் அது ஒரே தளத்தில் ஒழுங்குபடும். இதைத் தளவிளைவு என்பர். 1808-இல் பாரிஸ் நகரத்தில், எதியேன் லூயி மாலூஸ் என்னும் பிரெஞ்சு இன்ஜினியர், எதிரே இருந்த லக்ஸம்பர்க் அரண்மனைச் சன்னல்களில் பிரதிபலித்த மாலை வெயிலை ஒரு கால்சைட் படிகத்தினூடே பார்த்தார். படிகம் காட்டும் இரட்டைப் பிம்பங்களில், அதைத் திருப்பத் திருப்ப, ஒன்று மங்குவதையும் மற்றது ஒளிர்வதையும் கண்டு, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு இந்த ஒழுங்கு தானாகவே வந்துவிடுகிறது என்பதை அறிந்தார். அடுத்த வருஷமே அரகோ என்னும் மற்றொரு பிரெஞ்சு விஞ்ஞானி, நீல வானத்து ஒளியிலும் அதே குணம் இருப்பதைக் கண்டார். எந்தக் கோணத்தில் திரும்பும் ஒளி முழுமையாகத் தளவிளைவு அடையும் என்று 1815-இல் ஸ்காட்லாந்து விஞ்ஞானி புரூஸ்டர் விதி வகுத்தார்: செங்குத்துக் கோட்டிலிருந்து நீருக்கு 53 பாகை, கண்ணாடிக்கு 56 பாகை அளவில்.

இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு கப்பல் ஏறிய ஒரு தமிழரை இங்கே நினைக்காமல் மேலே செல்ல முடியாது. 1921-இல் ஆக்ஸ்போர்டு நகரில் கூடிய பல்கலைக்கழக மாநாட்டுக்குச் சென்று, 'நர்குண்டா' என்னும் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. ராமன், மத்தியதரைக் கடலின் கருநீலத்தில் மனத்தைப் பறிகொடுத்தார். கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபிம்பமே தவிர வேறில்லை என்பது ராலே பிரபுவின் தீர்ப்பு. ராமன் தம்மிடமிருந்த, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நிக்கல் பட்டகத்தைக் கண்ணருகே பிடித்து, நீரிலிருந்து வானொளி தளவிளைவுற்றுத் திரும்பும் அந்தக் கோணத்தில் கடலை நோக்கி, பட்டகத்தைத் திருப்பிப் பிரதிபலிப்பை முழுவதும் அணைத்துவிட்டார். ராலே சொன்னது சரியானால் அப்போது நீலமும் அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை, முன்னிலும் ஆழ்ந்து ஒளிர்ந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது என்று வாதித்து, பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் 'நேச்சர்' பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினார்.

அந்தச் சிந்தனையே வளர்ந்து 1928-இல் ராமன் விளைவாக முடிந்தது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் அப்போது கையாண்ட முதல் உபாயம் வர்ண வடிகட்டிகளே என்பதை மட்டும் பலர் கவனிப்பதில்லை. சூரிய ஒளியை நீலஊதா வடிகட்டி ஒன்றின் வழியே திரவத்துக்குள் செலுத்தினார்கள். சிதறி வரும் ஒளியை மஞ்சள்பச்சை வடிகட்டியினூடே பார்த்தார்கள். ஒன்று விடுவதை மற்றொன்று முழுவதும் தடுக்கும் ஜோடி அவை. ஆகையால், திரவத்துக்குள் ஒளி தன் நிறத்தை மாற்றிக்கொள்ளாதவரை, கண்ணுக்கு வந்துசேர வேண்டியது இருட்டு ஒன்றே. சுமார் அறுபது திரவங்களிலும் இருட்டு வரவில்லை. மங்கலான ஒளி வந்தது. மற்றெல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சிய அந்த மங்கலுக்குத்தான் 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நிக்கல் பட்டகம் விலையுயர்ந்தது, சிறியது. லென்ஸின் முன்னால் மாட்டுவதற்கு லாயக்கற்றது. அகன்ற தளவிளைவுத் தகடு கிடைத்த கதை சற்று வேடிக்கையானது. 1852-இல் பிரிஸ்டல் நகர வைத்தியர் ஹெராபத்தின் மாணாக்கர் ஒருவர், கொயினா மருந்து உண்ட நாயின் சிறுநீரில் அயோடினைச் சொட்டியபோது, பச்சை நிறத்தில் மின்னும் நுண்படிகங்கள் உண்டாயின. ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்த இடங்களில் அவை கறுப்பாகத் தெரிவதைக் கண்ட ஹெராபத், தளவிளைவு ஆக்கும் பொருள் ஒன்று கைக்கு வந்துவிட்டதை உணர்ந்தார். ஆனால் அவற்றைப் பெரிதாக வளர்க்க அவராலும் இயலவில்லை, அவருக்குப் பின் எழுபது வருஷங்களுக்கு மற்றவர்களாலும் இயலவில்லை. ஹார்வர்டு கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டு வந்த எட்வின் லாண்ட் என்னும் வாலிபர், பெரிய படிகம் எதற்கு, கோடிக்கணக்கான சிறு படிகங்களை ஒரே திசையில் நிற்கச் செய்து ஒரு மெல்லிய தகட்டில் பதித்தால் போதாதா என்று யோசித்து, 1929-இல் அதற்குக் காப்புரிமை கோரினார். போலராய்டு கம்பெனியின் மூலதனம் அந்த யோசனைதான். 1934-இல் கோடக் கம்பெனி அவரிடமிருந்து தகடுகளை வாங்கிப் புகைப்பட வடிகட்டிகளாக விற்கத் தொடங்கியது.

போலரைசர் எனப்படும் இந்தத் தளவிளைவு வடிகட்டியை லென்ஸில் மாட்டி மெல்லத் திருப்பிப் பார்ப்பவருக்கு அது ஒரு சிறு இந்திரஜாலமாகவே தோன்றும். குளத்து நீரின் மேற்பளபளப்பு அகன்று அடியிலுள்ள கற்களும் மீன்களும் வெளிப்படும். கடைச் சன்னலின் பிரதிபலிப்பு மறைந்து உள்ளே வைத்த பண்டங்கள் தெரியும். மழைக்குப்பின் இலைகளின்மேல் படிந்த வெள்ளை மினுக்கு நீங்கி அவற்றின் சொந்தப் பசுமை எழும். உலோகத்தின் பளபளப்பை மட்டும் அது அசைக்காது. உலோகத்திலிருந்து திரும்பும் ஒளிக்கு அந்த ஒழுங்கு வருவதில்லை. வானத்தில், சூரியனுக்கு நேர் 90 பாகை விலகிய வளையத்தில்தான் அதன் வலிமை உச்சம்: சூரியனைச் சுட்டுவிரலால் காட்டி, கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக நீட்டி, கையைச் சுழற்றினால் கட்டைவிரல் தொட்டுச் செல்லும் இடமெல்லாம் கருநீலமாகும். அகன்ற கோண லென்ஸ்களில் இதுவே தொல்லையாகவும் முடிகிறது; படத்தின் ஒரு பாதி வானம் இருண்டும் மறுபாதி வெளுத்தும் போய், யாரோ பாதியில் விட்டுப்போன வர்ணப் பூச்சாகக் காட்சி தரும். வானவில்லை எடுப்பவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதன் ஒளியும் தளவிளைவு உற்றதாகையால், தவறான பக்கம் திருப்பினால் வானவில்லே காணாமல் போய்விடும்.

வர்ணப் பிலிம் வந்தபின் வடிகட்டிகளுக்கு வேறொரு வேலை ஏற்பட்டது. ஸ்டூடியோ விளக்கின் ஒளி 3200 கெல்வின், பகலொளி 5500 கெல்வின் என்று நிபுணர்கள் கணக்கிடுவர். முன்னதில் சிவப்பு மிகுதி, பின்னதில் நீலம் மிகுதி. விளக்குக்கென்று செய்த பிலிமை வெயிலில் எடுத்தால் உலகமே நீலம் பூத்துவிடும். அதைத் தடுக்க 85-பி என்னும் தேன்நிற வடிகட்டி மாட்டுவார்கள். மறுதலையாக, பகல் பிலிமை விளக்கொளியில் எடுக்க 80-ஏ என்னும் நீல வடிகட்டி வேண்டும். சினிமாக்காரர்கள் இந்தக் குறையையே யுக்தியாக்கிக்கொண்டனர்: நண்பகலில் வேண்டுமென்றே அந்தத் தேன்நிறக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தையும் குறைத்து எடுத்தால், திரையில் நிலவொளி இரவாகிவிடும். பிரான்ஸில் இந்த உத்திக்கு 'அமெரிக்க இரவு' என்று பெயர். ஃபிரான்ஸ்வா த்ரூஃபோ 1973-இல் எடுத்த படம் ஒன்றுக்கு அதையே தலைப்பாக வைத்தார்.

எந்த வர்ணத்தையும் பாராமல் எல்லாவற்றையும் சமமாகக் குறைக்கும் சாம்பல் கண்ணாடிகளும் உண்டு, கடைக்காரர்கள் என்.டி. பில்டர் என்பார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் வகையை மாட்டினால், ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறக்க வேண்டிய லென்ஸை அரை நிமிஷத்துக்கு மேல் திறந்துவைக்கலாம். அருவி பட்டுத் துணியாவதும், ஜனங்கள் நடமாடும் சாலை ஆளரவமற்றுப் போவதும் அதனால்தான். ஆனால் சூரியனை நேராகப் பார்ப்பதற்கு இதை நம்பவே கூடாது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் இத்தகைய கண்ணாடிகள் பல, அகச்சிவப்பைத் தாராளமாக உள்ளே விடுபவை. காமிராவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தவர் வலியே தெரியாமல் பார்வையை இழக்கக் கூடும்.

டிஜிட்டல் காமிரா வந்தபின் வடிகட்டிகளுக்கு வேலை போயிற்று என்று பேசுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் கையிலுள்ள காமிராவுக்குள்ளேயே கோடிக்கணக்கான வடிகட்டிகள் இருக்கின்றன. கோடக் கம்பெனியில் பணிபுரிந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, உணர்வித் தகட்டின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நுண் வர்ணத் துண்டு உட்கார்ந்திருக்கிறது: பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். எந்தப் புள்ளியும் ஒரு வர்ணத்தைத்தான் மெய்யாகவே அளக்கிறது. மற்ற இரண்டையும் அண்டை அயலைப் பார்த்துக் கணிதம் ஊகித்துக்கொள்கிறது. இதன் பாட்டனார் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1861-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், வர்ணக் கட்டம் போட்ட ஒரு ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று திரவ வடிகட்டிகளின் வழியே தாமஸ் ஸட்டன் எடுத்த படங்களை, அதே வர்ணங்களில் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தி, உலகத்தின் முதல் வர்ணப் புகைப்படத்தை மாக்ஸ்வெல் காட்டினார். அன்றைய தகட்டுக்குத்தான் சிவப்பே தெரியாதே, சிவப்புப் படம் எப்படி விழுந்தது? நூறு வருஷம் கழித்து, 1961-இல், கோடக் ஆராய்ச்சியாளர் ரால்ப் எவன்ஸ் விடை கண்டார்: அந்தச் சிவப்புத் திரவம் புற ஊதாவையும் கொஞ்சம் கசியவிட்டது, ரிப்பனின் சிவப்புச் சாயமும் தற்செயலாகப் புற ஊதாவைப் பிரதிபலித்தது. தவறான காரணத்தால் சரியான விடை கிடைத்த சரித்திரங்களில் இதற்குச் சிறப்பான இடம் உண்டு.

ஆகவே எந்த வடிகட்டியை வாங்குவது என்று கேட்கும் வாசகருக்கு என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மஞ்சள், சிவப்பு முதலியவற்றின் வேலையையும், விளக்கொளியைப் பகலொளியாக்கும் வேலையையும் இன்று கணிப்பொறி பின்னால் உட்கார்ந்து செய்துவிடும். மூன்று வர்ணங்களும் தனித்தனியே பதிந்திருப்பதால் அதற்கு அது சாத்தியமாகிறது. புற ஊதா வடிகட்டி டிஜிட்டல் காமிராவுக்கு அனாவசியம். கீறல் விழாமல் காக்கும் மூடி என்ற அளவில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கைத் திருப்பிவிடும் என்பதை மறக்கக் கூடாது. இரவில் தெருவிளக்குகளை எடுக்கும்போது அது பேய் விளக்குகளாக வந்து நிற்கும். போலரைசரின் காரியத்தை மட்டும் எந்தக் கணிதமும் பின்னால் செய்ய முடியாது. ஒளி எந்தத் தளத்தில் அதிர்ந்தது என்னும் செய்தி உணர்வித் தகட்டில் பதிவதே இல்லை, இலையின் மினுக்குக்கு அடியில் இருந்த பச்சை படத்துக்குள் வராமலே போய்விட்டது. ஒரே ஒரு வடிகட்டிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், தானியங்கிக் காமிராவுக்கு ஏற்ற வட்டத் தளவிளைவு வகையில், பல பூச்சுப் பூசிய நல்ல போலரைசர் ஒன்றை, இருப்பவற்றுள் மிக அகன்ற லென்ஸின் அளவுக்கு வாங்குவதே புத்தி. சிறிய லென்ஸ்களுக்கு இணைப்பு வளையம் போதும். அதற்குமேல் பணம் மிஞ்சினால் ஓர் என்.டி. வாங்கலாம். வர்ணக் கண்ணாடிகளை, கறுப்பு வெள்ளைப் பிலிமில் இன்றும் படமெடுப்பவர்கள் மட்டும் வாங்கினால் போதும். அவர்களும் 8, 25 என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.